அடுத்தவன் தூண்டில்

கிளமெண்ட் பயந்தவன் என்று சிறிதரன் கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் சொல்லித் திரிவான். இருவரும் சிட்னியில், கிரவீனில் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்து இருக்கிறவர்கள். சிறிதரன் சொல்வது பிழை. கிளமெண்ட் பயந்தவன் இல்லை, கவனமானவன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. யார் வந்து எதிர்த்துக் கதைத்தாலும் அதை விட்டுக்கொடுக்க முடியாது.

“இவன் றோட்டில ஒரு ஈ காக்கா இல்லாட்டியும் பச்சை லைற் வரும்வரைக்கும் நிப்பான். முந்தநாள் பஸ் போயிட்டுது, அடுத்த பஸ்ஸும் போயிட்டுது, ஆள் இன்னும் இந்தக் கரையில,” என்று சிறிதரன் சொல்ல, வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் சிரிப்பார்கள். கிளமெண்டும் சேர்ந்து சிரிப்பான். அடுத்த நாளும் பச்சை வரும்வரை நிற்பான்.

ஏன் நிற்கிறான் என்று கேட்டால், ஜசிந்தாவுக்காக. மன்னாரில் இருக்கிற அவன் மனைவி. படகேறி வந்த நாளிலிருந்து அவளை அவன் போனில்தான் பார்க்கிறான். அவன் வரும்போது இடுப்பில் இருந்த மகன் இப்போது மீசை வைத்திருக்கிறான். நிரந்தர விசா கிடைத்தால்தான் அவர்களை இங்கே கூப்பிடலாம். கூட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது வந்துவிட்டது. சிறிதரனுக்கும் வந்து, அவன் ஊருக்குப் போய் எள்ளுருண்டையோடு திரும்பியும் வந்துவிட்டான். கிளமெண்டின் கோப்பு மட்டும் எங்கேயோ ஒரு மேசையில் அசையாமல் கிடந்தது.

காசு வாங்காமல் விசா வழக்குப் பார்க்கிற யோகா என்ற வக்கீல் பிள்ளை அவனைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: “எல்லாம் சரி அண்ணை, கடைசிச் சரிபார்ப்பு நடக்குது. இந்த நேரத்தில ஒரு சின்னப் பிரச்சினையிலயும் உங்கட பேர் அடிபடக்கூடாது. பார்க்கிங் டிக்கெட் எண்டாலும் எனக்குச் சொல்லிப்போடுங்கோ.”

அன்றிலிருந்து கிளமெண்ட் இரைந்து தும்மவும் யோசித்தான்.

பாண் பேக்கரியில் இரவு வேலை, விடிய வந்து நித்திரை, பின்னேரம் சமையல், திரும்ப வேலை. இதுதான் அவன் சீவியம். சனிக்கிழமை மட்டும் கடலுக்குப் போவான். மீன் பிடிப்பதை அவனால் விட முடியவில்லை. விட முடியாதபடியால் அதிலும் கவனமாக இருந்தான்.

வந்த புதிதில் அவன் மெல்பேர்னில் இருந்தவன். அங்கே ஒரு நூலில் இரண்டு தூண்டில் முள்ளுக்கு மேல் கட்டக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். பிறகு சிட்னிக்கு வந்தபோது, இரை விற்கிற கடைக்காரன் இங்கே மூன்று கட்டலாம் என்றான். கிளமெண்ட் நம்பவில்லை.

“நாடு ஒண்டு, கடல் ஒண்டு, மீனுக்கு வாயும் ஒண்டு. எல்லை தாண்டினா எப்படியடா ஒரு முள்ளுக் கூடும்?” என்று சிறிதரனைப் பிடுங்கியெடுத்தான்.

“ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம் மச்சான். அவங்கள் பிரிஞ்சு இருக்கிறாங்கள், நாங்கள் என்ன செய்யிறது?”

கடைசியில் சிறிதரன் அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லி, போனில் ஒரு குரல் பதிவாக அனுப்பிவிட்டான். “கவனமாக் கேள். உப்புத் தண்ணியில ஒரு ஆளுக்கு நாலு தூண்டில் தடி. ஒரு நூலுக்கு மூண்டு முள்ளு. தடியை விட்டிட்டு ஐம்பது மீற்றருக்கு அங்கால போகக்கூடாது, கண்ணுக்குத் தெரிய நிக்கவேணும். விளங்கிச்சோ? இனி என்னை நித்திரை கொள்ள விடு.”

சனிக்கிழமைதோறும் காரில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் கிளமெண்ட் போவான். சிலர் தேவாரம் கேட்பார்கள், சிலர் செபமாலை சொல்வார்கள். அவனுக்கு நாலு தடி, மூண்டு முள்ளு. கேட்டுவிட்டும் அவன் கொண்டுபோவது இரண்டே தடி, நூலுக்கு இரண்டே முள். சட்டம் எவ்வளவு விட்டாலும் அதற்குள்ளே ஒரு முழம் தள்ளி நிற்பதுதான் அவனுக்குப் பழக்கம்.

அந்தச் சனிக்கிழமை அவன் ஹோக்ஸ்பரி ஆறு கடலோடு சேரும் பக்கத்தில், மலைச்சரிவுக்குக் கீழே இருக்கிற ஒரு மரப் படகுத் துறையில் நின்றான். நீளமான துறை. மேலே மரங்களுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம். கீழே போன் எடுக்காது, மேலே ஏறினால்தான் எடுக்கும். அவனுக்குப் பக்கத்தில் கௌரிசங்கர்.

கௌரிசங்கர் கெல்லிவில்லில் வீடு வாங்கியிருக்கிற கம்ப்யூட்டர்காரன், கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரு நாள் இதே துறையில் கிளமெண்ட் மீனைத் திட்டுவதைக் கேட்டு, “அண்ணா தமிழா?” என்று ஓடிவந்தவன். அதிலிருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் தூண்டில் போடுவார்கள். அவனிடம் மூன்று தடிகள், மூன்றும் கண்ணைப் பறிக்கிற சாமான். மீன் பிடிக்க அவன் வீடியோ பார்த்துப் பழகினான். மீன்கள் அந்த வீடியோவைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

“ணா, இன்னைக்கு புது ரிக் போட்டிருக்கேன். ஆன்லைன்ல வாங்குனது. முள்ளெல்லாம் கட்டியே வருது, அப்படியே மாட்ட வேண்டியதுதான்,” என்றான் கௌரி.

“மீனும் கட்டியே வரும் எண்டு போட்டிருக்கோ தம்பி?” என்றான் கிளமெண்ட்.

“கலாய்க்காதீங்க ணா.”

கௌரி சிரித்துக்கொண்டே மூன்றையும் எறிந்து, தடிகளைக் கம்பியில் சாத்தினான். உட்காரப் போகிற நேரத்தில் அவன் கைக்கடிகாரம் அதிர்ந்தது. அதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ. ஆபீஸ் மெசேஜ் ஒண்ணு எப்படியோ வந்துருச்சு. சிஸ்டம் டவுன். இந்த வாரம் நான்தான் ஆன்-கால், கூப்பிட்டா உடனே பாக்கணும். லேப்டாப் கார்ல இருக்கு. பத்தே நிமிஷம் ணா, மேல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். என்னோடத கொஞ்சம் பாத்துக்கோங்க.”

“ஓம், போயிட்டு வாங்கோ. நான் பாக்கிறன்,” என்றான் கிளமெண்ட்.

யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. அவன் பிறந்து வளர்ந்த கரையில் ஒருவன் தண்ணீரில் நூலை விட்டுவிட்டு எழும்பினால், பக்கத்தில் நிற்பவன் அதைப் பார்க்க வேண்டும். பார்க்கிறேன் என்று சொன்ன நேரத்திலிருந்து சொந்தக்காரன் திரும்பும்வரை அந்த நூலுக்கு அவன்தான் காவல். மாட்டேன் என்று சொல்கிற ஆளை அந்தக் கரையில் அவன் கண்டதில்லை.

கௌரி படியேறி மரங்களுக்குள் மறைந்தான். காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

பத்து நிமிடம் என்றவன் வரவில்லை. கிளமெண்ட் தேநீரைக் குடித்தான். இரை மாற்றினான். துறையின் அடிப்பக்கத்துக் கீழ்ப்பாதையில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றதையும் பார்த்தான். அதிலிருந்து சீருடையில் இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். அந்த ஆளின் கையில் மீன் அளக்கிற பலகை இருந்தது.

மீன்பிடி இலாகாக்காரர்.

கிளமெண்ட் பதறவில்லை. அவனிடம் அனுமதி இருந்தது, போனில் பத்திரமாக வைத்திருந்தான். தடி இரண்டு, முள் இரண்டு இரண்டு. வரட்டும் என்று நின்றான். முதலில் அவர்கள் துறை தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு வியட்நாமியத் தம்பதியிடம் போனார்கள். அந்தப் பெண் விரலை நீட்டித் தடிகளை எண்ணுவது தெரிந்தது.

அப்போதுதான் அவனும் எண்ணினான். என்னுடையது இரண்டு. கௌரியுடையது மூன்று. நிற்கிற ஆள் ஒன்று.

சிறிதரனின் குரல் காதுக்குள் கேட்டது. ஒரு ஆளுக்கு நாலு தடி.

பேக்கரியில் சூட்டடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு வெக்கை அவன் முகத்தில் அடித்தது. தன்னுடைய இரண்டையும் மளமளவென்று சுருட்டினான். நூலைத் தடியோடு சுற்றிக் கட்டி நிலத்தில் கிடத்தினான். இப்போது தண்ணீரில் இருப்பது கௌரியின் மூன்று மட்டும். மூன்று, நாலுக்குள்தான். பதற்றம் கொஞ்சம் இறங்கியது. மேலே பார்த்தான். மரங்கள்தான் தெரிந்தன. போனை எடுத்தான், ஒரு கோடு கூட இல்லை.

தன் சாமான்களை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. யாரோ விட்டுவிட்டுப் போன தடி, எனக்குத் தெரியாது என்று போனால் யார் கேட்பார்கள்? குனிந்து வாளியைத் தூக்கியும் விட்டான். வாளியோடு இரண்டு எட்டு வைத்தவன் நின்றான். பார்க்கிறேன் என்று சொன்ன வாய் அவனுடையது. வாளியைத் திரும்ப வைத்தான்.

அந்த நேரம் பார்த்து கௌரியின் நடுத்தடி வளைந்தது. சும்மா விட்டால் தடியே தண்ணீருக்குள் போய்விடும். கிளமெண்ட் பாய்ந்து பிடித்துச் சுருட்டினான். கையகலம் கூட இல்லாத ஒரு பிரீம் மீன் குஞ்சு துள்ளிக்கொண்டு வந்தது. அதைக் கழற்றித் தண்ணீரில் விட்டான். பிறகுதான் நூலைப் பார்த்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து முள்.

கட்டியே வருகிற சாமான். எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டியதோ! கௌரி பாக்கெட்டைப் பிரித்து அப்படியே மாட்டிவிட்டான். முள்ளை எண்ணவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. வீடு, கார், தடி எல்லாம் வாங்கினால் சரியாக இருக்கும் என்று நம்புகிற ஆள் அவன்.

கிளமெண்ட் அந்த நூலை மேலே கிடத்திவிட்டு அடுத்ததைச் சுருட்டினான். அதிலும் ஐந்து. அங்கே வியட்நாமியர் முடிந்து, அதிகாரிகள் நடுவில் நின்ற இரண்டு பெடியன்களிடம் வந்துவிட்டார்கள். மூன்றாவது தடியை எடுத்துச் சுருட்டினான். கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை. இடப்பக்கம் இழுத்தான், வலப்பக்கம் இழுத்தான், நூலைத் தளர விட்டு இழுத்தான். அசையவில்லை. கீழே பாறையில் சிக்கிவிட்டது.

தண்ணீருக்குள் ஐந்து முள். காவலுக்கு அவன்.

இடுப்பில் கத்தி இருந்தது. இரை வெட்டுகிற சின்னக் கத்தி, முந்தின நாள்தான் தீட்டியது. ஒரு தட்டுத் தட்டினால் நூல் போய்விடும். தண்ணீரில் ஒன்றும் இல்லை, கேட்க ஒன்றும் இல்லை. வந்த பிறகு கௌரியிடம் சொன்னால், “பரவால்ல ணா,” என்பான். அவனுக்கு அது ஒரு பெரிய சாமானே இல்லை.

கிளமெண்ட் கத்தியை உருவினான். நூலைப் பிடித்தான்.

அவனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், ஒரு விடியற்காலை அவன் அப்பா வலையை இழுக்க, பாதி வலைதான் வந்தது. மீதியை இரவோடு இரவாக யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். இழுவைப் படகோ, வேறு யாரோ, இன்றைக்கு வரை தெரியாது. அப்பா அறுந்த நுனிகளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த இருப்பை அவன் மறக்கவில்லை. மீன் போனதற்கு அந்த மனிதன் அழவில்லை. ஒரு கை வந்து அறுத்ததே, அதற்காக அழுதார். கடலில் அடுத்தவனுடைய நூலை அறுக்கிறவனோடு அந்த ஊரில் யாரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள்.

இது வலை இல்லை, நாற்பது முழ நைலான் தங்கூசி நூல். அறுபடுவது யாருக்கும் நட்டமில்லை. எல்லாம் அவனுக்கும் தெரியும். ஜசிந்தாவின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. யோகா சொன்னது காதில் நின்றது. கத்தி நூலில் பட்டுக்கொண்டு நின்றது. ஆனால் கை போகவில்லை. போகவில்லை என்றால் போகவில்லை, அவ்வளவுதான். அதை முட்டாள்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கத்தியை உறையில் போட்டான். தடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

“வணக்கம். எப்படிப் போகிறது இன்று?” என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் அதிகாரி வந்தாள். நாற்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த முகம், கடுகடுப்பு இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த ஆள் நிலத்தில் கிடந்த தடிகளைக் கண்ணாலேயே எண்ணிவிட்டான்.

கிளமெண்ட் அனுமதியைக் காட்டினான். அவள் பார்த்துத் தலையாட்டினாள். “இவ்வளவும் உங்களுடையதா?”

“டூ மை. த்ரீ ஃப்ரெண்ட். ஃப்ரெண்ட் கோ கார். ஐ லுக்.”

“நண்பர் எங்கே நிற்கிறார்? இங்கிருந்து தெரிகிறாரா?”

அவன் மேலே கையைக் காட்டினான். அங்கே தெரிந்தது மரம்தான்.

“நீங்கள் பார்த்துக்கொள்வதென்றால் இப்போது அது உங்கள் பொறுப்பு. விளங்குகிறதா?”

“யெஸ். ஐ லுக்,” என்றான் திரும்பவும். அந்தச் சொல்லை அவன் விடுவதாக இல்லை.

அந்த ஆண் அதிகாரி குனிந்து கௌரியின் நூல்களைத் தூக்கினான். “ஐந்து. இதிலும் ஐந்து. ஒரு நூலுக்கு எத்தனை என்று தெரியுமா உங்களுக்கு?”

“த்ரீ,” என்றான் கிளமெண்ட். அவன் கட்டுவது இரண்டுதான் என்று சொல்ல ஆசை. ஆங்கிலம் வரவில்லை. தன்னுடைய தடியைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பெண் அதையும் பார்த்தாள்.

“சரி. தண்ணீரில் இருக்கிறதில் எத்தனை?”

தெரியாது என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை, கண்ணால் காணாதது. கிளமெண்ட் தண்ணீரைப் பார்த்தான். “ஃபைவ். ஐ திங்க் ஃபைவ்.”

“மேலே எடுங்கள்.”

இழுத்துக் காட்டினான். தடி வில்லாக வளைந்தது, நூல் வரவில்லை.

“சிக்கிவிட்டது. அறுத்துவிடுங்கள்,” என்றாள் அவள்.

“நோ.”

அவள் புருவத்தை உயர்த்தினாள். “கத்தி இருக்கிறதுதானே? அறுங்கள்.”

“நாட் மை லைன்,” என்றான் கிளமெண்ட். “சொரி மேடம். ஃப்ரெண்ட் கம், ஃப்ரெண்ட் கட். மீ, நோ.”

அவ்வளவு நேரம் சும்மா நின்ற ஆண் அதிகாரி ஒரு எட்டு முன்னால் வைத்தான். அதிகாரி சொன்னதைச் செய்ய மறுப்பது வேறொரு விசயம், தெரியுமா என்று நிதானமாகக் கேட்டான். கிளமெண்டுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கவில்லை, குரல் விளங்கியது. அந்த ஆள் அடையாள அட்டையைக் கேட்டான். கிளமெண்ட் பணப்பையை எடுத்தான். அட்டை இறுகிக் கிடந்தது, பிடித்து இழுத்தான். அதற்குப் பின்னால் ஜசிந்தாவின் படம் செருகியிருந்தது. இரண்டும் சேர்ந்து துறைப் பலகையில் விழுந்தன. குனிந்து படத்தை முதலில் எடுத்தான்.

எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது படியில் கௌரி நிற்பது தெரிந்தது.

கக்கத்தில் லேப்டாப், கழுத்தில் ஹெட்போன். பாதிப் படியில் நின்றுவிட்டான். சீருடையைக் கண்டுவிட்டான். கால் ஒன்று கீழ்ப்படியில், ஒன்று மேற்படியில். அவன் கண்ணும் கிளமெண்டின் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. கிளமெண்ட் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். கூப்பிடவில்லை, கையும் காட்டவில்லை. வருகிறவன் தானாக வரவேண்டும்.

பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. வந்துவிட்டான், மூச்சு வாங்கிக்கொண்டு.

“எக்ஸ்கியூஸ் மீ, அந்த மூன்றும் என்னுடையது,” என்றான் நல்ல ஆங்கிலத்தில். அதுவரைக்கும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். “நான் மேலே கார் பக்கம்தான் நின்றேன். அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடிகள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற தூரம்.”

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு கிளமெண்டைப் பார்த்தாள். “அங்கிருந்து இது தெரியுமா?”

கௌரி அவசரமாகத் தமிழில் சொன்னான்: “ணா, ஆமான்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. ரெண்டு பேரும் தப்பிச்சுருவோம்.”

கிளமெண்டைப் பொறுத்தவரை அது உண்மைதான். கௌரி பார்த்துக்கொண்டிருந்தான் என்றால், பொறுப்பு கௌரியுடையது. தடி கிளமெண்டின் கணக்கில் வராது. பெயர் எங்கும் பதிய வேண்டியதில்லை. ஒரு ‘யெஸ்’.

“நோ,” என்றான் கிளமெண்ட். “ட்ரீ. நோ சீ.”

கௌரியின் முகம் சுருங்கிவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் எழுத்து வேலை. தடிகளை விட்டுவிட்டுப் போனதற்கும், முள் கூடுதலாக இருந்ததற்கும் கௌரிக்கு அபராதம். கிளமெண்டுக்கு அபராதம் இல்லை, எச்சரிக்கை. ஆனால் அதையும் அவள் எழுதினாள். அவன் பெயர், பிறந்த தேதி, விலாசம். பேனா அசைந்த ஒவ்வொரு அசைவையும் அவன் பார்த்துக்கொண்டு நின்றான். எழுதி முடித்துவிட்டு அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். “அடுத்த முறை யாருடைய தடியையும் பார்த்துக்கொள்ளாதீர்கள்,” என்றாள், கொஞ்சம் இரக்கத்தோடு. அதிகாரிகள் இருவரும் துறை முனைக்குப் போய்விட்டார்கள்.

கௌரி வெடித்தான். “ஏன் ணா? ஒரு வார்த்தைதானே? எனக்காக சொல்லியிருக்கக் கூடாதா?”

“உங்களுக்காகத்தான் தம்பி அறுக்காம நிண்டனான்.”

“அறுத்துத் தொலைச்சிருக்கலாமே! யாரு கேக்கப் போறா? ஒரு ரிக்கு, அவ்வளவுதான்!”

“உங்கட நூல். நீங்கள் பாக்கச் சொன்னனீங்கள், நான் பாத்தனான். பொய் சொல்லச் சொன்னனீங்களோ போகேக்க? இல்லைத்தானே. பாக்கிறது வேற, பொய் சொல்லுறது வேற.”

“உங்களுக்கென்ன, வெறும் வார்னிங். எனக்குத்தான் ஃபைன். அதுக்கு ஏன் ணா இப்படி நடுங்குறீங்க?”

கிளமெண்ட் கையில் இருந்த படத்தைச் சட்டையில் துடைத்துப் பையில் வைக்கப் பார்த்தான். கை ஆடிய ஆட்டத்தில் அது போகவில்லை. கௌரி வாங்கி, உள்ளே வைக்காமல் பார்த்தான்.

“அண்ணியா?”

“ஓம்.”

“ஊர்ல இருக்காங்களா?”

அப்போதுதான் அவனுக்குச் சொன்னான், கோப்பு, கடைசிச் சரிபார்ப்பு, யோகா சொன்னது எல்லாம். இத்தனை சனிக்கிழமையும் பக்கத்தில் நின்ற மனிதனிடம் முதல் முறையாக. கௌரியும் விசாவில் வந்தவன்தான், ஆனால் அவன் வந்த விசா வேறு, வந்த வழி வேறு. அவனுக்கு அது வெறும் பேப்பர் வேலை. கேட்டு முடித்த கௌரி படத்தைப் பணப்பையில் வைத்துக் கொடுத்தான்.

“அந்தக் கத்தியக் குடுங்க ணா,” என்றான்.

வாங்கி, தன் நூலைத் தானே அறுத்தான். தடி படாரென்று நிமிர்ந்தது.

திங்கட்கிழமை கிளமெண்ட் நித்திரை இல்லாத கண்ணோடு யோகாவிடம் போய் உட்கார்ந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டாள்.

“அண்ணை, அதிகாரி அறுக்கச் சொல்ல, ‘நோ’ எண்டனீங்களா?”

“ஓம் பிள்ளை.”

“இவ்வளவு நாளும் வாய் திறக்காத மனிசன், வாய் திறக்கக் கிடைச்ச இடம் அதுவா?” என்று தலையில் கை வைத்தாள். பிறகு சொன்னாள், எச்சரிக்கை என்பது தண்டனை இல்லை, நீதிமன்றத்துக்குப் போனதும் இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும், குடிவரவு இலாகாக்காரர் கேட்க முதலே நானே எழுதி அனுப்பிவிடுகிறேன் என்று. “பொய் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை.”

“அதுதான் உங்களைக் காப்பாத்தினது. அங்க ஒரு பொய் சொல்லி அது பிறகு தெரியவந்திருந்தா, நான் ஒண்டும் செய்யேலாது.”

அன்று இரவு வேலைக்குப் போகமுன் ஜசிந்தாவுக்குப் போன் எடுத்துச் சொன்னான். மெச்சுவாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் கத்தின கத்தலில் போனைக் காதை விட்டு எடுத்தான்.

“அறுத்திருக்கலாமே! வலையைப் பறிகுடுத்த உங்கட கொப்பர் இருந்திருந்தாக்கூட அறுத்திருப்பார். பெஞ்சாதி பிள்ளை பெரிசோ, அந்த இந்தியாக்காரப் பெடியன்ர நூல் பெரிசோ?”

“நீதான் பெரிசு. அதுக்காக அறுக்கேலாது.”

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சினாள். “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டாள். அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம் இல்லை, அவளும் அவனைப் போலப் பிடிவாதக்காரிதான்.

விசா இன்னும் வரவில்லை. மறுக்கப்படவும் இல்லை. யோகா அனுப்பிய கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

இரண்டு சனிக்கிழமை கிளமெண்ட் கடலுக்குப் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை சிறிதரன், “வீட்டில நிண்டு என்ர உயிரை எடுக்காம போடா,” என்று வாளியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டான். துறையில் கௌரி முன்னமே நின்றான். தலையாட்டி வரவேற்றான். நூல் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். பழைய புது ரிக்தான், ஐந்தில் இரண்டு முள் வெட்டியிருந்தது. மூன்று. கிளமெண்ட் தன்னுடையதைப் போட்டான். வழக்கம்போல இரண்டு.

நெடுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. பிறகு கௌரியின் கைக்கடிகாரம் அதிர்ந்தது. பார்த்தான், எழும்பினான்.

“ணா, ஒரு அஞ்சு நிமிஷம், கொஞ்சம்...” என்று தொடங்கினான்.

கிளமெண்டின் வாய் தானாகத் திறந்தது. ஓம் என்ற சொல் நுனிநாக்கில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்கு அவன் வேறு பதில் சொன்னதில்லை.

“மாட்டன் தம்பி,” என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “மூண்டையும் சுருட்டி வைச்சிட்டுப் போங்கோ.”

கௌரி முதல் தடியை எடுத்தான். ரீல் சுற்றுகிற சத்தம் துறை முழுக்கக் கேட்டது. கிளமெண்ட் அது முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.